பாதி டின் கறுப்பு, பாதி டின் வெள்ளை

அண்ணே,

இன்று காலை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பெயின்ட் வேலை தொடங்கியது. நான் போனபோது பெயின்டர் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெள்ளை டின்னுக்குள் கறுப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். கறுப்பு உடனே கலக்கவில்லை. வெள்ளையின் மேல் கயிறுபோல் சுருண்டு கிடந்தது. பிறகு அவர் ஒரு குச்சியைப் போட்டுச் சுழற்றினார். நாலைந்து சுற்றில் வெள்ளையும் போய், கறுப்பும் போய், அந்த நிறம் மேலே வந்தது. கூடவே டர்பன்டைன் வாடை. "சுவத்துக்குக் கீழ்ப்பட்டை அடிக்க இது போதும்ல மேடம்? அழுக்கு தெரியாது" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். ஆபீசில் நான் பேசாதவள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மதியம்வரை என் மேசையில் ஒரு கோப்பும் நகரவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோதே உனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது சிரமம். மூன்றாம் வகுப்போடு நின்றவன். என்ன எழுதிக்கொண்டு வந்தாலும், "நீயே வாசி, நான் கேக்குறேன்" என்பாய். இதையும் எனக்குள் வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அம்மா வெளியே மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழக்கூடாது.

நம் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் அப்போது எல்லாரிடமும் கட்டுமரம்தான். நீ மட்டும் வேதாரண்யம் பக்கம் போய்ப் பழைய வத்தை ஒன்றைப் பிடித்து வந்தாய். பலகை வைத்துக் கட்டிய சின்னப் படகு, ஒற்றைப் பாய், இரண்டு பேர் போகலாம். கட்டுமரத்தில் எந்நேரமும் இடுப்புவரை ஈரம், இதில் உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று பெருமை பேசினாய். கூடப் போக மாமா இருந்தார். அப்பா போன பிறகு அம்மாவின் தம்பியான அவர்தான் நமக்கு எல்லாமும். வாங்கி வந்தபோதே அதன் நிறம் கறுப்பு. நம் கரையிலும், வடக்கிலும் தெற்கிலும் உள்ள கரைகளிலும் அதற்குப் பெயரே 'கறுப்பு வத்தை' என்று ஆகிவிட்டது. தூரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போதும், அம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துவிடுவாள்.

நான் பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த வருடம் அந்தக் கறுப்பு உரியத் தொடங்கியது. பலகை வெளுத்து உப்புப் பூத்திருந்தது. நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. பலகை சேரும் இடங்களில் தண்ணீர் கசிந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் செய்தாக வேண்டும் என்றாய். வழக்கமாக வந்து பார்க்கிற ஆசாரி தீபாவளிக்குப் பிறகுதான் வர முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நம்மளே செஞ்சா என்ன?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய். மாமாவிடம் கேட்கிறாய் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னடா பேசுற நீ? அது பொட்டப்புள்ள. படகுல கை வைக்கிறதா?" என்றார் மாமா.

"கை வைக்கல மாமா. பெயின்டுதான் வைக்கப் போவுது."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நம் கரையில் பெண்கள் மீனைத் தொடலாம், வலையைத் தொடலாம், ஈரம் சொட்டும் கூடையைத் தலையில் வைத்துக் காரைக்கால்வரை நடக்கலாம். படகில் மட்டும் கை வைக்கக்கூடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் இருந்த பெண்கள் என்னிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள், வெளியூரிலிருந்து வந்தவளிடம் பேசுவதுபோல. நீ ஒருவன்தான் என்னை எப்போதும்போல் வேலை ஏவினாய்.

வத்தையைச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்து வந்து, இரண்டு தென்னங்கட்டைகளின் மேல் கவிழ்த்துப் போட்டீர்கள். முதல் இரண்டு நாளும் சுரண்டல்தான். அடியில் ஒட்டிக் கிடந்த சிப்பியை இரும்புத் தகட்டால் பெயர்க்க வேண்டும். பலகையில் கீறல் விழக்கூடாது. என் விரல் மூட்டெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. "பி.ஏ. கையி, வெண்டைக்கா மாதிரி இருக்கு" என்று சிரித்தாய். பிறகு குழாயடியிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றி உப்பைக் கழுவினோம். வெயிலில் காயவிட்டோம். கசிந்த இடங்களில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசினாய். அது இறுகிய பிறகு, உப்புத்தாளால் முழுப் படகையும் தேய்ப்பது என் வேலை. நான் அவசரப்படுவேன். "காயட்டும் புள்ள. காயாம தொட்டா ரெண்டு வேலை" என்பாய். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் இதை எத்தனை முறை சொன்னாய் என்று கணக்கில்லை.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் கேட்டாய்.

"மூணு வருசம் பஸ்ஸுல போனியே, அங்க என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க?"

"சரித்திரம்."

"யாரு சரித்திரம்?"

"ராஜாக்களோட சரித்திரம்."

"படகு வச்சிருந்தானுவளா?"

"நிறைய வச்சிருந்தாங்க. கடல் தாண்டிப் போயிருக்காங்க."

"என்ன கலரு அடிச்சானுவ?"

நான் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தேன்.

"அதச் சொல்லிக்கொடுக்கல பாரு" என்று சொல்லிவிட்டு நீ பீடியைப் பற்றவைத்தாய்.

பெயின்ட் அடிக்கும் நாள் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முன்பு வாங்கிய கறுப்பில் பாதி டின் மிச்சம் இருந்தது. மாமா வீட்டு ஜன்னலுக்கு அடித்த வெள்ளையிலும் பாதி டின் இருந்தது. இரண்டில் எதை எடுத்தாலும் வத்தையின் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். புதிதாக வாங்க அப்போது வழியில்லை. நீ இரண்டு டின்னையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை என்று அடித்துவிடலாமா என்று மாமா கேலியாகச் சொன்னார். "அப்பறம் போவுறது ஒரு வத்தை, வர்றது ஒரு வத்தைன்னு நெனப்பானுவ" என்றாய்.

நான் சொன்னேன்: "ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா முழுசுக்கும் வரும்ண்ணே."

சாதாரண யோசனை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் எந்தப் பேச்சிலும் குறுக்கே புகாதவள் நான். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கியதில்லை. நான் ஒன்றைச் சொல்லி, இரண்டு ஆண்கள் அதைக் கேட்டுத் தலையாட்டியது அன்றுதான் முதல் தடவை. நீ மாமாவிடம் திரும்பி, "படிச்ச புள்ளன்னா இதான் மாமா" என்றாய். நான் குனிந்துகொண்டேன். முகமெல்லாம் சூடாக இருந்தது. குச்சியை எடுத்து நானே கலக்கினேன். ஒரே நிறமாக வரும்வரை கலக்கினேன். ஒரு கீற்றுகூட மிஞ்சக்கூடாது என்று அப்படி ஒரு கவனம்.

இரண்டு பூச்சு அடித்தோம். பலகை போகிற போக்கிலேயே பிரஷ்ஷை இழுக்கவேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாய். மேல்பூச்சு காய்ந்ததும், முன்பக்கத்தில் ஏதாவது பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மா பெயரை எழுதலாம் என்று மனதில் வைத்திருந்தேன். "கடல்ல எவன் நின்னு படிக்கப் போறான்? விடு" என்றாய்.

கரைக்கு இழுத்துப் போன அன்று உன் கூட்டாளிகள் விடவில்லை. "டேய், ரோந்து லாஞ்சு வந்துட்டுடா. சரக்கையெல்லாம் மண்ணுல பொதைங்கடா" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். காரைக்காலில் சாராயக்கடை திறந்திருக்க, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். இங்கிருந்து புட்டிகளைக் கட்டுமரத்தில் ஏற்றி அந்தப் பக்கத்துக் கரைகளில் இறக்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வருகிற லாஞ்சும் இதே சாம்பல் நிறம்தான். நீ சும்மா இருப்பாயா? வத்தைமேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாய். "எல்லாவனும் லைன்ல நில்லு. லைசென்ச எடு." நான் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் கலக்கிய நிறம் வெயிலில் ஒரே சீராக இருந்தது. இதைவிட எனக்குப் பெருமையாக இருந்த நாள் வேறு இல்லை. பட்டம் வாங்கிய நாளும் இல்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள்.

மாமாவுக்குக் காய்ச்சல். ஒரு நாள்தானே, பக்கத்தில் போட்ட வலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நீ தனியாகப் போனாய். மதியத்துக்கு மேல் வாடைக்காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டு அடித்தது. மறுநாள் காற்று கொஞ்சம் தணிந்ததும் நம் கரைக் கட்டுமரங்களெல்லாம் போயின. காற்று தெற்கே தள்ளியிருக்கும் என்று தெற்கே தேடினார்கள். காய்ச்சலோடு மாமா தெற்கே உள்ள கரைகளுக்கு நடந்தும் பஸ்ஸிலும் போய்க் கேட்டார். ஐந்து நாள். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியதாக யாரும் சொல்லவில்லை. ஆறாம் நாள் எல்லாரும் தொழிலுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

கரையில் பேச்சு எழுந்தது. குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். "பொம்பளக் கை பட்ட வத்தை. வேற எப்படி ஆவும்?" அம்மா குடத்தைப் போட்டுவிட்டு அவர்களோடு சண்டைக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. நானும் அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அழுகையிலும் ஒரு அலட்சியம் இருந்தது எனக்கு. படித்தவள் அல்லவா? கை பட்டதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தெரிந்தவள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஒரு வருடத்தைக் கடத்தினேன்.

அதன் பிறகு எனக்கு இந்த எழுத்தர் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், ஒருவர் வீட்டுக்கு வந்தார். தெற்கே ஒரு கரையைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடி பேசினார்.

"தங்கச்சி, உங்க அண்ணன் வத்தை கறுப்புன்னு சொன்னாங்க. உங்க மாமா எங்க கரைக்கு வந்து, கறுப்பு வத்தையப் பாத்தீங்களான்னுதான் கேட்டாரு. நாங்க பாக்கலன்னோம். அது பொய் இல்ல."

நான் அவருக்காக விரித்த பாயைச் சுருட்டி வைத்தேன்.

"போன வாரம் உங்க ஊரு ஆளு ஒருத்தரு சந்தையில பேச்சுவாக்குல சொன்னாரு. காணாமப் போறதுக்குக் கொஞ்ச நாளு முன்னாடிதான் கலரு மாத்துனாங்கன்னு. சாம்பல்ன்னு."

"ஆமாம்" என்றேன்.

"நாங்க மூணு பேரு போயிருந்தோம். காத்தடிச்சதுக்கு ரெண்டாம் நாளு காலையில. கட்டுமரத்துல சரக்கு இருந்துச்சு. பொய் சொல்லி என்ன ஆவப் போவுது. ரோந்துக்குப் பயந்து நாங்க ரொம்ப வெளியிலதான் போவோம். தூறல். தூரத்துல ஒண்ணும் தெளிவா இல்ல. சாம்பலா ஒண்ணு நிக்கிது. பாய்மரம் இல்ல. ஒரு ஆளு நின்னுகிட்டு வெள்ளைத் துணிய ஆட்டுறாரு."

அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரோந்துக்காரங்க அப்படித்தான் தங்கச்சி செய்வாங்க. எஞ்சின அணைச்சிட்டுச் சத்தமில்லாம கெடப்பாங்க. நம்மளப் பாத்தா துணிய ஆட்டி நிறுத்தச் சொல்லுவாங்க."

"கிட்ட போகலையா?"

"போவல. திருப்பிட்டோம்."

"ஏதாவது கத்தினாரா?"

"எதிர்க்காத்து. ஒண்ணும் கேக்கல."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுச் செம்பையும் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல" என்றார். சரி என்றேன். எனக்கு மட்டும் இருக்கிறது என்று அவர் எதை வைத்து நினைத்தாரோ தெரியவில்லை.

குழாயடிப் பெண்கள் சொன்னது சரிதான் அண்ணே. காரணம்தான் வேறு. மாமா பெயின்ட் பூசும்போது பக்கத்தில் நின்றவர். நிறம் மாறியது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் பழக்கத்தில் நாக்கு 'கறுப்பு வத்தை' என்றுதான் சொல்லியிருக்கிறது. நிறம் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. அவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. இந்த வயதில் அவரால் தாங்க முடியாது.

என்னால் தாண்டிப் போக முடியாத இடம் ஒன்று இருக்கிறது. வேறு யாராவது அங்கே நின்று துணியை ஆட்டியிருந்தால், கட்டுமரம் ஏன் திரும்பிப் போகிறது என்று அவருக்கு விளங்கியிருக்காது. கெட்டவர்கள் என்று நினைத்திருப்பார், அல்லது தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். உனக்கு விளங்கியிருக்கும். வத்தைமேல் நின்று சல்யூட் அடித்தவன் நீ. அவர்கள் திருப்பிய அந்த நிமிடமே, என்னவென்று நினைத்துத் திருப்புகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆட்டிய வேட்டியை இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்திருப்பாய். அது யார் யோசனை என்பதும் உனக்கு நினைவு வந்திருக்கும். அதற்குப் பிறகு நீ என்ன நினைத்தாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருக்கும். நீ சிரித்திருப்பாயோ என்றுதான் பயமாக இருக்கிறது.

வருடங்கள் போய்விட்டன. அம்மா இன்னும் உனக்குக் காரியம் செய்ய விடவில்லை. அவளுடைய கணக்கு இது: இத்தனை கரை இருக்கிறது, இத்தனை கட்டுமரம் போகிறது, உன்னைப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இல்லை. கடலில் கிடந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் நீ கடலில் இல்லை, இலங்கையில் கரை ஏறியிருக்கிறாய். இப்போது அங்கே சண்டை என்று ரேடியோவில் சொன்னதும், நீ ஏன் வரவில்லை என்பதற்கும் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தின் மேல். பார்த்தவர் யாருமில்லை. அதை உருவி எடுக்கிற வார்த்தை என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஆபீசிலிருந்து வரும்போது, இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் அவள் அன்றே அழுது முடித்து, உனக்கு ஒரு இலை போட்டு, நிம்மதியாவாளோ என்னவோ. கூடவே, அந்த நிறத்தைக் கலக்கியவள் யார் என்பதும் அவளுக்கு ஞாபகம் வரும். எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெளிவில்லை. அவளுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் என்னை மனு எழுத வைக்கிறாள். இலங்கையில் யாருக்காவது, டெல்லியில் யாருக்காவது. விலாசம் நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எதற்கும் பதில் வந்ததில்லை. போன வாரமும் எழுதினோம். அவள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் நல்ல தமிழில் மாற்றி எழுதினேன். உன் உயரம், நெற்றித் தழும்பு, இடது கையில் பச்சை குத்திய மீன்.

"கலரப் போட்டியா?"

"போட்டேன்மா."

"வாசி."

"படகின் நிறம் சாம்பல்" என்று வாசித்தேன்.

"அதுதான் முக்கியம். இந்தப் பக்கத்துலயே அந்தக் கலர்ல வேற வத்தை கெடையாது. ஒரு தடவ பாத்தவன் மறக்கவே மாட்டான்" என்றாள் அம்மா.

மறக்கவில்லை அம்மா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் தேடிக்கொண்டு வந்து நம் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நான் மனுவை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.